மஞ்சளைக் கழுவியபோது தெரிந்த நீலம்

என் மகளின் இடது கை கனக்கத் தொடங்கியது, எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள். இப்போது அவள் நலமாக இருக்கிறாள். அதனால்தான் நிதானமாக எழுத முடிகிறது. விளையாடும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இப்படியொரு நோய் இருப்பதே தெரிவதில்லை, நீங்கள் பட்டதை எழுதுங்கள் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்து உண்டு. ஆனால் அந்த நாட்களுக்குரிய பக்கங்களில் மருந்துப் பெயர்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றதெல்லாம் மனதில்தான் இருந்தது.

கயல்விழிக்கு அப்போது இருபது வயது. டென்னிஸ் அவளுக்குத் தொழில். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதைச் சொன்னால், "அது சரி, வேலைக்கு என்ன பண்ணுது?" என்று கேட்பார்கள். என் கணவர் செல்வராசு நெல் விவசாயம் பார்க்கிறார். நான் வேளாண்துறையில் விதைச் சான்று அலுவலர். விதைக்காக விளைவிக்கும் வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, வேற்று ரகப் பயிர் ஒன்று தலைநீட்டினாலும் கண்டுபிடித்துப் பிடுங்கவைப்பது என் வேலை. பச்சைக்குள் இருக்கும் வேறு பச்சையைப் பிரித்துப் பார்க்கப் பழகிய கண் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

கயல் டென்னிஸ் கற்றுக்கொண்டது ஊர்ப் பொதுக் களத்தில். நெல் காயவைக்கும் சிமெண்டுத் தரை. ஓரத்தில் பழைய கிடங்கின் சுவர். சிங்கப்பூரிலிருந்து என் தம்பி வாங்கிவந்த மட்டையை வைத்துக்கொண்டு ஏழு வயதில் அந்தச் சுவரோடு ஆடத் தொடங்கினாள். அறுவடை வந்தால் களம் முழுக்க நெல் பரந்துவிடும். சுவர்ப்பக்கம் போக முடியாது. நடப்பதற்கென்று விட்ட ஓரத்தில் நின்றுகொண்டு, குவித்துவைத்த நெல்லுக்கு மேலாகப் பந்தை அடிப்பாள். குவியல்தான் அவளுக்கு வலை. ஓடி ஆட இடமில்லாததால், நின்ற இடத்திலிருந்து அடிக்கும் ஒரே அடியை, அதாவது சர்வீஸை மட்டும், பருவம் முழுக்க அடித்தாள். பந்து நெல்லில் விழுந்தால், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கும் பெண்கள் திட்டுவார்கள். திட்டு வாங்காமலிருக்கப் பந்தை உயரத் தூக்கிப் போட்டு, உடம்பையெல்லாம் நீட்டி அடிக்கப் பழகினாள். சோறு சாப்பிடுவது வலது கையில். பந்தடிப்பது இடது கையில்.

பிற்பாடு தஞ்சாவூரில் ஒரு பயிற்சியாளரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இந்தச் சர்வீஸை யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் கேட்டார். "அறுவடைதான் சார்" என்றார் என் கணவர். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார்.

பதிமூன்று வயதில் சென்னைப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். பதினேழில் தொழில்முறைப் போட்டிகள். முதல் இரண்டு ஆண்டுகள் பெயர் உச்சரிக்க வராத வெளிநாட்டுச் சிற்றூர்களுக்குப் போய், முதல் சுற்றிலேயே தோற்று, விடுதிக் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டே எனக்குக் குரல்பதிவாகப் பேசி அனுப்புவாள். மூன்றாம் ஆண்டில் அந்தச் சர்வீஸுக்கு ஏதோ நடந்தது. இடது கையிலிருந்து வரும் பந்து தரையில் பட்டதும் வெளிப்பக்கமாக விலகி ஓடும். எதிரில் நிற்பவர் கைநீட்டிக்கொண்டு திடலைவிட்டே வெளியே போவார். தாய்லாந்தில் ஒரு பட்டம் வென்றாள். அடுத்த மாதமே இன்னொன்று. வைகாசி தொடங்கும்போது, புல்தரையில் நடக்கும் பெரிய போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றில் அவள் பெயர் இருந்தது. என் கணவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கூட்டுறவுச் சங்கம்வரை கொண்டுபோய்க் காட்டினார். திருவிழா முடிந்த மறுநாள் விமானம்.

அதற்காகத்தான் அவளும் காப்புக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் நூலில் விரலி மஞ்சள் கோத்துப் பூசாரி மணிக்கட்டில் கட்டுவார். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, நூலை அவிழ்க்கக் கூடாது, தினமும் மஞ்சள் நீரில் குளிக்க வேண்டும். என் கணவர் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்ததால் அவருக்கும் காப்பு. நான் கட்டிக்கொள்ளவில்லை, எனக்கு வயல் ஆய்வு இருந்தது.

மறுநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய கயல் அதைக் கீழே வைத்துவிட்டு, "கை வேற யாரோடதோ மாதிரி இருக்கும்மா" என்றாள். கை லேசாக வீங்கியிருந்தது. நூல் மணிக்கட்டில் பதிந்திருந்தது. எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: பூசாரி இறுக்கிக் கட்டிவிட்டார். அவிழ்க்கவும் கூடாது. என் கணவர் நூலுக்கும் தோலுக்கும் நடுவே எண்ணெய் தடவி, மெல்ல மெல்ல நெகிழ்த்தினார். இனி வடிந்துவிடும் என்று காத்திருந்தோம். அவள் கையின் நிறத்தைப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் லேசாகப் பச்சை ஓடுவதுபோல் இருந்தது. பழைய மஞ்சளோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

அதற்கும் மறுநாள் காலையில் வீக்கம் தோள்வரை ஏறியிருந்தது. எனக்குள் ஏதோ உறுத்த, கிணற்றடிக்கு அழைத்துப்போய்ச் சோப்புப் போட்டு அந்தக் கையைத் தேய்த்தேன். மஞ்சள் நுரையோடு இறங்கியது. உள்ளே இருந்தது நீலம். விரல் நுனியிலிருந்து தோள்வரை, மழை மேகத்தின் நீலம். தோளின் முன்பக்கத்தில், தோலுக்கு அடியில், மெல்லிய நீல இழைகள் வலைபோலப் பரவியிருந்தன. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. விதைச் சான்று அலுவலரான எனக்கு அது தோன்றவில்லை.

என் கணவரின் அண்ணன் கார் எடுத்தார். காப்போடு எல்லை தாண்டுவதா என்று அவர்தான் முதலில் தயங்கினார். "பாப்பா கையப் பாத்தீங்கல்ல? எடுங்கண்ணே வண்டிய" என்றார் என் கணவர். காப்புக் கட்டிய அவருக்கு எல்லை வாய்க்கால் பாலம். அதுவரை காரோடு கூடவே நடந்துவந்து, பாலத்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டார். அடுத்து வந்த நாட்களில் அவர் போன் செய்யும்போதெல்லாம் முதலில் சொன்னது ஒன்றேதான்: "பாலத்துல நிக்கிறேன்."

தஞ்சாவூரில் எங்களை அனுமதித்த மருத்துவமனையில் முதலில் எடுத்தது டாப்ளர் ஸ்கேன். ரத்தம் ஓடுவதை ஒலியலைகளைக் கொண்டு பார்ப்பது அது. ஓடும் இடம் திரையில் நிறத்தோடு மினுங்கும். ஓடாத இடம் கறுப்பு. கயலின் கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு. ஸ்கேன் எடுத்த பெண் பேச்சை நிறுத்திவிட்டுப் பெரிய மருத்துவரை அழைத்தார். அந்த மௌனத்தில்தான் எனக்குப் பயம் வந்தது.

இதயத்திலிருந்து கைக்கு ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. கையிலிருந்து திரும்பக் கொண்டுவருவது சிரை. அந்தச் சிரை கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவிலுள்ள ஒரு சந்தில் புகுந்து போகிறது. கையைத் தலைக்குமேல் தூக்கித் தூக்கி வீசுகிறவர்களுக்கு அந்தச் சந்தில் சிரை நசுங்கி நசுங்கித் தழும்பேறி, ஒருநாள் ரத்தம் அங்கேயே உறைந்துவிடும். நீச்சல் வீரர்களுக்கும், பந்து வீசுகிறவர்களுக்கும், டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கும் வரக்கூடியது. உறைந்ததில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதை நான் போனில் சொன்னபோது என் கணவர் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப தண்ணி வர்றது நல்லாத்தான் இருக்கு. வடிகால் அடைச்சிக்கிச்சு. அப்படித்தானே?" என்றார். அப்படித்தான். வடியாத வயல்போலக் கை ததும்பிக்கொண்டிருந்தது.

உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்து கொடுப்பதற்கு முன் அந்தக் கையில் எதுவும் இருக்கக் கூடாது என்றார் செவிலியர். மோதிரம் கழற்றியாயிற்று. காப்பு மட்டும் இருந்தது. கயல் என்னைப் பார்த்தாள். செவிலியர் கத்தரிக்கோலோடு பொறுமையாக நின்றார். திருவையாற்றுப் பெண், அவருக்கும் விஷயம் தெரியும். பூசாரிக்குப் போன் போட்டேன். பின்னால் உடுக்கைச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"அறுத்திடுங்க" என்றார் உடனே. "கீழ மட்டும் போடாதீங்க. எதுலயாச்சும் கட்டி வைங்க."

"குத்தம் இல்லையா?"

"இருந்தா நான் பேசிக்கிறேன் ஆத்தாகிட்ட. நீங்க டாக்டருகிட்ட பேசுங்க."

நூல் அறுபட்டது. அதை மருந்துப் புட்டி தொங்கும், சக்கரம் வைத்த கம்பியில் கட்டினேன். செவிலியர் முடிச்சைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டார், குழாயில் படாமலிருக்க.

மேல்கைச் சிரை வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, உறைந்த ரத்தத்துக்கு நடுவிலேயே அதன் முனையை நிறுத்தி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த மருந்து உறைந்ததைக் கரைக்கும். ஆனால் வேறெங்கே சிறு கீறல் இருந்தாலும் அங்கே ரத்தம் நிற்காது. பல் துலக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, ஊசி போடக் கூடாது. தடைகளையெல்லாம் மருத்துவர் சொல்லி முடித்ததும், "சிரிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள் கயல். மெதுவாகச் சிரிக்கலாம் என்றார்.

அன்று பிற்பகல் அவள் போனைக் கேட்டாள். போட்டியிலிருந்து விலகுவதாக அறிவிக்க வேண்டும். கடைசி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அழுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வலது கைக் கட்டைவிரலால் தானே அழுத்தினாள். பத்து வருடத்து ஆசை ஒரு திரையிலிருந்து போய்விட்டது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "டிக்கெட்ட கேன்சல் பண்ணும்மா, பணம் கொஞ்சம் திரும்பி வரும்" என்றாள். அவ்வளவுதான். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதன் பின் தூங்கிவிட்டாள். திடீரென்று தலைமாட்டிலிருந்த கருவி கத்தத் தொடங்கியது. இரண்டு செவிலியர்கள் ஓடி வந்தார்கள். இதயத் துடிப்பு குறைகிறது என்றார் ஒருவர். கயல் கண்ணைத் திறக்காமலே, "தூங்குனா அப்படித்தான் இருக்கும் சிஸ்டர். பழகுன இதயம்" என்றாள். இளம் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, அது உண்மைதான் என்றார். வருடக்கணக்காக ஓடிப் பயின்றவர்களின் இதயம் பெரிதாகி, ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடுமாம். அதனால் ஓய்வில் அவசரப்படாதாம். கருவியின் எச்சரிக்கை அளவைக் கீழே இறக்கிவைத்தார்கள். நான் அதன் திரையில் ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேடு, நீண்ட சமதளம், பிறகு அடுத்த மேடு. எத்தனை நிதானம். இந்தப் பெண்ணைப் பெற்றவள் நான். இவளுக்குள் இப்படியொரு இதயம் இருப்பது எனக்குத் தெரியாது.

கணவரின் அண்ணன் தினமும் தூக்குச்சட்டியில் ரசம் சாதமும் பச்சரிசியும் வெல்லமும் சேர்த்து இடித்த திருவிழாத் துள்ளுமாவும் கொண்டுவருவார். வண்டி நிறுத்த இடமில்லை என்று ஒருபாடு புலம்பிவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார். திருவிழா முடியும்வரை, என்னைப் போல அவசரம் இருந்தாலொழிய, ஊர்க்காரர்கள் இரவு வெளியே தங்குவதில்லை. துள்ளுமாவைச் செவிலியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். செலவைப் பற்றி ஒன்றே சொல்கிறேன்: காப்பீடு ஒரு பகுதியைத் தாங்கியது, மீதியை என் வளையல்கள் தாங்கின. வளையல் இல்லாத கையைப் பார்த்து, "நீயும் எதையோ கழட்டிட்டியா?" என்றாள் கயல். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, நகக்கண்களில் இளஞ்சிவப்பு திரும்பியது. காப்புக் கட்டிய கம்பியோடு அவளை வார்டுக்கு மாற்றினார்கள். வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து வரும் ரத்தநாள அறுவை நிபுணர் அன்று வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண். இனி என்ன செய்வதென்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்று கயலிடம் சொன்னார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு சாதாரணமாக வாழலாம்; சமைக்கலாம், வண்டி ஓட்டலாம், பிள்ளை தூக்கலாம். ஆனால் சர்வீஸ் போட்டால் மறுபடி அடைக்கும். ஆட வேண்டுமென்றால் அந்த முதல் விலா எலும்பை எடுக்க வேண்டும். பக்கத்திலேயே நுரையீரல், கைக்குப் போகும் நரம்புகள், பெரிய தமனி. எடுத்த பிறகும் பழைய சர்வீஸ் வரும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது.

நான் உடனே வேண்டாம் என்றேன். கயல் என்னைப் பார்க்கவில்லை. மருத்துவரைப் பார்த்து, "நசுங்குறத பாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

சாயம் செலுத்தி எடுத்த படத்தை அவர் தம் கணினியில் ஓடவிட்டார். கை பக்கத்தில் கிடக்கும் நிலையில், மேல்கையிலிருந்து கறுப்புச் சாயம் ஓடிவந்து, கழுத்தெலும்பின் அடியில் கொஞ்சம் இளைத்து, இதயத்துக்குள் இறங்கியது. அடுத்த படத்தில் கையைத் தலைக்குமேல் உயர்த்தியிருந்தார்கள், பந்தை அடிக்கப் போகும் கையைப் போல. சாயம் ஓடிவந்தது, எலும்புச் சந்தில் அப்படியே நின்றது. மதகின் பலகையை இறக்கினால் வாய்க்கால் நிற்குமே, அப்படி. நின்ற இடத்துக்கு முன்னாலிருந்து பொடிப்பொடி இழைகள் பிரிந்து, தோளைச் சுற்றிக்கொண்டு, எப்படியோ மறுபக்கம் போய்ச் சேர்ந்தன. கிணற்றடியில் நான் பார்த்த நீல வலை அதுதான்.

"இந்தச் சின்னக் குழாயெல்லாம் எல்லாருக்கும் இவ்வளவு பெருசா இருக்காது" என்றார் மருத்துவர். "பல வருஷமா இவங்க உடம்பு வேற வழி தேடிக்கிட்டே இருந்திருக்கு. அதனாலதான் இத்தனை நாள் தெரியல."

நான் கணக்குப் போட முயன்று விட்டுவிட்டேன். களத்தில் போட்டது, தஞ்சாவூரில் போட்டது, தாய்லாந்தில் போட்டது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் அந்த மதகு மூடியிருக்கிறது, திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூடலுக்கும் உடம்பு யாரிடமும் சொல்லாமல் ஒரு வாய்க்காலை வெட்டியிருக்கிறது. அந்த இரண்டு பட்டங்களை அவள் வென்றது, ரத்தம் திரும்ப வழியில்லாத கையால். திரையில் அந்தப் படம் நின்றபிறகும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கோயில் கருவறையில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன்.

"அம்மா" என்றாள் கயல். "அடைச்ச கையிலயே இவ்வளவு தூரம் வந்துட்டேன். தொறந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

எனக்கு மறுப்பு வரவில்லை. பயம் போய்விட்டதால் அல்ல. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, அந்தக் கைக்கு எது நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று பட்டது.

நிபுணர் அடுத்து வரும் நாள், தீச்சட்டி எடுக்கும் நாளாக அமைந்தது. அன்று மாலைதான் காப்பு அவிழ்ப்பார்கள். முந்தைய நாள் என் கணவர் போன் செய்தார். பாலத்தில் நிற்பதாகச் சொன்னார். குரல் சரியில்லை. "நானும் அறுத்துட்டு வந்திடுறேன். பூசாரிகிட்ட கேட்டுட்டேன்" என்றார். கயல் போனை வாங்கிக்கொண்டாள்.

"பாதி மேட்ச்ல கெளம்பக் கூடாதுப்பா. அதுக்குப் பேரு தோல்வி."

"அங்க நீ தனியா..."

"அம்மா இருக்கு. நீ சட்டிய முடி. நான் எலும்ப முடிக்கிறேன். யாரு மொதல்ல முடிக்கிறாங்கன்னு பாப்போம்."

அவர் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. போன் வைக்கப்பட்டது.

அறுவை அரங்கின் வாசலில் காத்திருப்பதைப் பற்றி, காத்திருந்தவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை; காத்திருக்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. எதிரில் இருந்த தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம், யாரும் பார்க்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்தோம். ஒருவர் பெயரைச் சொன்னதும் மற்றவர்கள் உட்கார்ந்தோம். கயலின் பெயர் வந்தபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்மணி என் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

நல்லபடியாக முடிந்தது என்றார் நிபுணர். ஒரு சிறிய எஃகுத் தட்டில் அந்த எலும்பைக் காட்டினார். வளைந்த சின்ன எலும்பு, வெள்ளரிப் பிஞ்சு அளவுகூட இல்லை. இதுவா என்று கேட்டேன். இதுதான் என்றார்.

மாலையில் என் கணவர் வந்தார். காப்பு அவிழ்த்த கையோடு புறப்பட்டிருக்கிறார். வேட்டியெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் வேப்பிலையும் சாம்பலும் மணத்தன. பாலத்தைக் கடக்கும்போது காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தாராம். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கயல் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்தாள்.

"யாருப்பா மொதல்ல?" என்றாள்.

"நீதான்" என்றார்.

அந்தக் கலவரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். அரங்கிலிருந்து அவள் திரும்பியபோது வேறொரு மருந்துக் கம்பி வந்திருந்தது. காப்புக் கட்டிய கம்பியைக் காணோம். வார்டு வார்டாகத் தேடினேன். மறுநாள் காலை ஆண்கள் பிரிவில், நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு விசைப்படகு ஓட்டுநரின் படுக்கையருகே அது நின்றது. காலில் ரத்த ஓட்டம் அடைத்துப் படுத்திருந்தார். என் மகளின் காப்பு இது, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"உங்களுதாங்க? நான் இங்க எல்லாருக்கும் கட்டிவிடுவாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "எனக்கு நாளைக்கு ஆபரேசன். அதுவரைக்கும் இருக்கட்டுங்களே."

வந்து கயலிடம் சொன்னேன். விட்டுடும்மா, அவருக்கு இப்பத்தானே முதல் சுற்று என்றாள். நூல் அங்கேயே இருந்தது. நாங்கள் வீடு திரும்பிய நாளிலும் நான் போய்க் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்கள் மெதுவானவை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதற்கான சோதனைகள், உடற்பயிற்சி நிபுணர் சொல்லித்தந்த சின்னச் சின்ன அசைவுகள். ஆரம்பத்தில் கையைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தவே அவளுக்கு வியர்த்தது. சுவரில் விரல்களை ஊன்றி ஒரு பூச்சிபோல மேலே ஏற்றிக்கொண்டு போவாள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவாள். அவள் வயதுப் பெண்கள் ஆடும் ஆட்டங்களைப் போனில் பார்ப்பாள். தரவரிசையில் தன் பெயர் கீழே கீழே இறங்குவதையும் பார்ப்பாள். குறுவை முடிந்தது. சம்பா நட்டார்கள். கார்த்திகையில் மறு டாப்ளர் எடுத்தபோது, கை மேலே தூக்கியிருந்தும் திரையில் நிறம் நிற்காமல் ஓடியது. ஸ்கேன் எடுத்த அதே பெண், இந்த முறை பேச்சை நிறுத்தவில்லை.

தையில் அறுவடை. மட்டையைத் தொடலாம், மெதுவாகச் சர்வீஸ் போட்டுப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. சென்னைக்குப் போய்ப் பயிற்சியாளர் முன்னால் போடலாமே என்றேன். முதலில் இங்கே என்றாள். தோற்றால் இங்கே தோற்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அப்படிக் கேட்டது.

களம் நெல்லால் நிறைந்திருந்தது. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது, குவித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்து நடைபாதையில் போய் நின்றாள். என் கணவர் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றார். முதல் பந்தைத் தூக்கிப் போட்டவள் அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். மறுபடி தூக்கிப் போட்டு அடித்தாள். பந்து நேராக நெல்லுக்குள் போய்ப் புதைந்தது.

"என்ன கயலு, மறுபடியும் எங்க உசுர வாங்க வந்துட்டியா?" என்றாள் நெல் கூட்டிக்கொண்டிருந்த செல்லம்மாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள். அப்போதுதான் அவள் தோள் இளகியதைப் பார்த்தேன்.

அடுத்த பந்து மேலே போனது. அவள் உடம்பு முழுவதும் அதன் பின்னால் நீண்டது. இடது கை வானத்தைத் தொட்டுத் திரும்பியது. எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். குவியலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போனதாகவும், தரையில் பட்டு அந்த வழக்கமான பக்கத்துக்கு விலகியதாகவும் என் கணவர் பின்னால் சொன்னார். நான் பார்க்கவில்லை. நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் வந்து, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"என்ன கலர்மா?"

பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனிகள், நகக்கண், மணிக்கட்டு. வயலில் பார்ப்பதுபோல, ஓர் இடம் விடாமல். நெல் தூசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டும் பார்த்தேன்.

"செவப்பு" என்றேன்.

என் கணவர் நெல்லுக்குள்ளிருந்து முதல் பந்தைத் தோண்டி எடுத்து உருட்டிவிட்டார். அதன் ரோமத்திலெல்லாம் நெல்லின் சுணை ஒட்டியிருந்தது. அவள் அதைச் சட்டையில் தேய்த்தாள்.

"தள்ளி நில்லும்மா" என்றாள்.